உடையவர் உணர்த்திய பொருள்

பொருள் என்னும் சொல் தமிழில் மூவகையாக வழங்குவது. கையால் எடுத்தாளும் பண்டமும் பொருள்; சொல்லினால் அறியப்படும் கருத்தும் பொருள்; உழைத்து ஈட்டும் செல்வமும் பொருள். வடமொழியில் அர்த்தம் என்னும் சொல்லும் இவ்வாறே பண்டம், கருத்து, செல்வம், பயன் என்னும் நிலைகளில் நின்று வழங்குகிறது. இரு மொழிகளும் இவற்றை ஒரே பெயரால் அழைப்பது சிந்தித்தற்குரியது. எதனை உலகம் பொருளுடையது என்று கொள்கிறது? எதனைப் பொருளற்றது என்று தள்ளுகிறது? ஒரு சொல்லுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? ஒரு மந்திரத்துக்கு? ஒரு மனிதப் பிறவிக்கு?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதிலும், கண்ட விடையை யாவர்க்கும் வழங்குவதிலும் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டருளிய மகான் ஸ்ரீ ராமாநுஜர். இளையாழ்வார், யதிராஜர், உடையவர், எம்பெருமானார் என்று அவருக்குத் திருநாமங்கள் பல. நெய்யூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் அடியார்களுக்கு அவருடைய சரிதம் எட்டாத் தொலைவில் நிகழ்ந்ததன்று. வடக்கே திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டருளுகிறார். கிழக்கே நாஞ்சில் நாட்டுத் திருப்பதிசாரத்தில் திருவாழ்மார்பன் எழுந்தருளியிருக்கிறார். இவ்விரு திருப்பதிகளையும் பாடியருளிய நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கை பிறந்ததும் அந்தத் திருப்பதிசாரத்திலேயே. அவ்வாழ்வாரின் திருவாய்மொழியை வடமொழி வேதத்தோடு ஒருங்கு வைத்து, அதன் பொருள் நாடெங்கும் விளங்கும்படி செய்தவர் ராமாநுஜர். ஆகையால் இந்த மண்ணின் அடியார்கள் அவரை நினைப்பது தம் குலமுதல்வரை நினைப்பதேயாகும்.

காஞ்சியில் எழுந்த சொல்வழக்கு

1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம், சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக ராமாநுஜர் அவதரித்தார். அம்மான் பெரிய திருமலை நம்பி அவருக்கு இளையாழ்வார் எனத் திருநாமம் சாற்றினார். இளமையிலேயே வேதம் ஓதித் தேர்ந்து, வேதாந்தம் பயிலும் பொருட்டுக் காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் பேராசிரியரை அடைந்தார்.

ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சாந்தோக்ய உபநிஷத்தில் ஓரிடத்துக்குப் பொருள் கூறப்பட்டது. கதிரவன் நடுவே விளங்கும் பரமபுருஷனுடைய திருக்கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் இடம் அது. அங்குள்ள கப்யாஸம் என்னும் சொல்லுக்கு யாதவர், குரங்கின் பின்புறம் போலச் சிவந்தது என்று உரை செய்தார். மாணவரின் கண்ணீர் சுடச்சுட ஆசிரியரின் தொடைமேல் விழுந்தது. காரணம் கேட்கப்பட்டபோது, நீரைப் பருகுவதனால் கபி என்பது இங்கே கதிரவனைக் குறிக்கும் என்றும், அவன் கதிர்களால் அலர்ந்த செந்தாமரை போன்ற கண்கள் என்பதே கருத்து என்றும் இளையாழ்வார் விண்ணப்பித்தார்.

சொல் இலக்கணத்தால் யாதவர் கூறியதும் பொருந்தாததன்று. ஆயினும் ஒரு சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அது எவரைப் பற்றி, எதன்பொருட்டுச் சொல்லப்பட்டதோ அதற்குத் தொண்டு செய்யும்போதே உண்மைப் பொருளைத் தருகிறது. பரமனின் அழகைச் சொல்ல வந்த வாக்கியத்தில் அவ்வழகுக்கு இழுக்குத் தரும் உரை எவ்வாறு நிற்கும்? இளையாழ்வாரின் உள்ளத்தில் அன்றே வேரூன்றிய நெறி இது.

மற்றொரு நாள், பிரம்மம் ஸத்யம், ஞானம், அனந்தம் என்று கூறும் தைத்திரீய வாக்கியத்தில் வழக்கு எழுந்தது. இச்சொற்கள் பிரம்மத்தின் குணங்களைக் கூறவில்லை என்றார் யாதவர். ஒரே மலரை நீலமானது, மணமுள்ளது, பெரியது என்று சொன்னால் மலர் மூன்றாகிவிடுவதில்லை. மூன்று சொற்களும் வீணாவதுமில்லை. வெவ்வேறு குணங்களைக் காட்டி ஒரே பொருளில் சென்று முடிகின்றன. அவ்வாறே இங்கும் கொள்ளவேண்டும் என்பது இளையாழ்வாரின் துணிபு. வேதத்தில் ஒரு சொல்லும் வெறுமையாகக் கூடாது என்னும் அவருடைய கவலை இதில் வெளிப்பட்டது. ஆசிரியரின் மனம் மாறுபட்டது. காசி யாத்திரையில் தமக்குத் தீங்கு சூழப்பட்டதைத் தம்பிமுறையான கோவிந்தரால் அறிந்து இளையாழ்வார் காட்டிடையே பிரிந்ததும், வேடர் உருவில் வந்த பெருமாளும் பிராட்டியும் அவரைக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும், அதுமுதல் சாலைக்கிணற்றுத் தீர்த்தத்தைப் பேரருளாளனுக்கு அவர் நாள்தோறும் சுமந்ததும் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கும் செய்திகள்.

மடங்கிய மூன்று விரல்கள்

திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த ஆளவந்தார் இளையாழ்வாரைக் காண விரும்பினார். அழைப்பையேற்று அவர் விரைந்து வந்தபோது ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டார். சரமத் திருமேனியின் கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. வாயால் வராத அச்சொல்லை இளையாழ்வார் படித்தறிந்தார். பிரம்மஸூத்திரத்துக்கு உரை காண்பேன். வியாஸர், பராசரர் ஆகிய முனிவர்களின் திருநாமங்கள் உலகில் வழங்கச் செய்வேன். நம்மாழ்வாரின் அருளிச்செயலுக்கு உரிய ஏற்றத்தைத் தேடுவேன் என்று அவர் ஒவ்வொன்றாகச் சபதம் கூற, விரல்களும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பர். பின்னாளில் ஸ்ரீபாஷ்யம் முதல் சபதத்தை நிறைவேற்றியது. கூரத்தாழ்வானுடைய திருக்குமாரர்கள் பெற்ற பராசரர், வியாஸர் என்னும் திருநாமங்கள் இரண்டாவதை நிறைவேற்றின. திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு இயற்றிய ஆறாயிரப்படி மூன்றாவதை நிறைவேற்றியது.

மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமனுடைய திருக்கோயிலில், மகிழமரத்தடியில் பெரிய நம்பி அவருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளினார். பின்னர்ப் பேரருளாளன் திருமுன்பே துறவறம் மேற்கொண்டு யதிராஜராய்த் திருவரங்கம் சேர்ந்து, கோயில் நிர்வாகத்தை ஏற்று உடையவரானார்.

பதினெட்டு நடை

திருமந்திரத்தின் உட்பொருளைக் கற்கத் திருக்கோட்டியூர் நம்பியை அடையுமாறு பெரிய நம்பி பணித்தார். திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு உடையவர் பதினெட்டு முறை நடந்தார். நம்பி ஒவ்வொரு முறையும் மீண்டும் வருமாறு கூறித் திருப்பி அனுப்பினார். எட்டெழுத்தின் ஒலி அடியார் நாவில் முன்பே உலவியது. அதன் பொருளுக்குத்தான் இத்தனை காவல். தகுதியில்லாதவர் கையில் பொருள் சென்று மதிப்பிழக்கக் கூடாது என்பது நம்பியின் கருத்து. அது முன்னோர் கருத்துமாகும்.

இறுதியில் நம்பி, திரிதண்டமும் பவித்திரமும் மட்டும் உடன்வரத் தனியே வருமாறு சொல்லியனுப்பினார். உடையவரோ முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் அழைத்துச் சென்றார். தனியே வரச்சொல்லியும் இருவருடன் வந்தது ஏன் என்று நம்பி வினவ, முதலியாண்டானே தம் தண்டம் என்றும் ஆழ்வானே தம் பவித்திரம் என்றும் விடை கூறினார். நம்பி உவந்து, எவர்க்கும் வெளியிடலாகாது என்று ஆணையிட்டு உட்பொருளை உபதேசித்தருளினார்.

அந்த ஆணை நீடிக்கவில்லை. விரும்பி வந்த அனைவரையும் கூட்டி, திருக்கோயிலில் உயர நின்று அப்பொருளை உடையவர் வெளியிட்டார். நம்பி சினந்து, குருவின் ஆணையைக் கடந்தவனுக்கு நரகமே கதி என்பதை நினைவூட்டினார். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும், கேட்டவர் அனைவரும் உய்வரன்றோ என்பது உடையவர் விண்ணப்பித்த மறுமொழி. நம்பி அவரைத் தழுவி, எம்பெருமானிலும் மிக்க கருணையுடையவர் என்னும் கருத்தில் எம்பெருமானார் என்று அழைத்தருளினார்.

இது கருணையின் வரலாறு என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பொருளின் வரலாறும் இதுவே. அத்திருமந்திரம் கற்பிப்பது, தான் தனக்கு உரியவன் அல்லன் என்பது. அதனைக் கற்ற ஒருவர் தம் நலத்துக்காக அதனைப் பூட்டி வைத்தால் மந்திரம் நாவில் இருக்கும். பொருள் வாழ்வில் இராது. நரகத்துக்கு அஞ்சாமல் அவர் அதனை வழங்கிய அக்கணத்திலேயே கற்றது பொருளுடையதாயிற்று. நம்பி காத்து வைத்ததும் வீணன்று. பதினெட்டு முறை நடந்து பெற்றதனாலன்றோ அதன் அருமை கேட்டவர்க்கும் விளங்கிற்று?

கட்டளையும் செய்தியும்

ஸ்ரீபாஷ்யம் எழுதுவதற்கு முன் போதாயன முனிவரின் பழைய விருத்தியுரையைக் காண விரும்பி எம்பெருமானார் ஆழ்வானுடன் காஷ்மீரம் வரை சென்றார். கிடைத்த ஏடு வழியிலேயே திரும்பப் பறிக்கப்பட்டது. இரவுதோறும் அதனைப் படித்து நெஞ்சில் இருத்தியிருந்த ஆழ்வான், வேண்டிய இடங்களை ஒப்பிக்கும் நிலையில் இருந்தது பெரும் பேறாயிற்று.

ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் எதிர்கொண்ட முதல் தடையே சொல்லின் பொருளைப் பற்றியது. மீமாம்ஸகரில் ஒரு சாரார், செய் என்று ஏவும் வாக்கியத்துக்கே பொருள் உண்டு, உள்ளதை உள்ளபடி கூறும் வாக்கியத்துக்குத் தனியே பொருள் இல்லை என்றனர். பசுவைக் கொண்டுவா என்று பெரியவர் சொல்ல, மற்றவர் கொண்டுவருவதைப் பார்த்தே குழந்தை மொழி கற்கிறது. ஆதலால் சொல் அனைத்தும் செயலையே நோக்கியது என்பது அவர்கள் வாதம். இதனை ஏற்றால், பிரம்மம் உண்டு என்று கூறும் உபநிஷத்து முழுவதும் பொருளற்றதாய்விடும்.

எம்பெருமானார் அளித்த விடை, பிள்ளை வளர்த்த எவர்க்கும் விளங்கக் கூடியது. தாய் தந்தையர் குழந்தைக்கு விரலால் சுட்டிச் சுட்டி, இவள் அம்மா, இவர் அப்பா, இவர் மாமன், அது நிலவு, அது பறவை என்று காட்டுகின்றனர். எந்த ஏவலும் அங்கில்லை. மீண்டும் மீண்டும் கேட்ட குழந்தை, இச்சொல் இப்பொருளுக்கு உரியது என்று தானே உணர்ந்துகொள்கிறது. மொழியின் முதற்பாடமே உறவைக் காட்டுவதாக இருக்கிறது.

மேலும் ஒரு கதையை அவர் எடுத்துரைக்கிறார். விளையாட்டில் ஈடுபட்டு அரண்மனையை விட்டு வழிதவறிப்போன அரசிளங்குமரன் ஒருவன். மகன் தொலைந்தான் என்று மன்னன் எண்ணுகிறான். தந்தை யாரென்று அறியாத சிறுவனை நல்லந்தணர் ஒருவர் வளர்த்துக் கல்வி அளிக்கிறார். பதினாறு வயதில், நம்பத்தக்க ஒருவர் அவனிடம், உன் தந்தை உலகாளும் மன்னன், காணாமற்போன உன்னைக் காண அவன் காத்திருக்கிறான் என்று தெரிவிக்கிறார். அச்செய்தியில் கட்டளை ஏதும் உண்டா? இல்லை. ஆயினும் அவன் உள்ளம் உவகையால் நிறைகிறது. அந்நாள் முதல் அவன் வாழ்வே வேறாகிறது. தான் யாருடையவன் என்று அறிவிக்கும் சொல்லைக் காட்டிலும் பொருள் நிறைந்த சொல் வேறு எது?

உபநிஷத்து சொல்வதும் அத்தகைய செய்தியே. ஏவலுக்கு அஞ்சிச் செய்யும் கடமை ஒன்று. உறவை அறிந்தபின் தானே பெருகும் கைங்கர்யம் மற்றொன்று. எம்பெருமானார் பின்னதற்கே வேதாந்தத்தில் இடம் தேடினார்.

இவ்வுறவின் ஆழத்தை அவர் இன்னும் விளக்குகிறார். உயரமானவர் வந்தார் என்றால் உயரம் உடலுக்கு உரியதாயினும் அச்சொல் உடலோடு நில்லாமல் உடலையுடைய உயிரையும் குறிக்கிறது. உயிரற்ற உடலை அவர் என்று எவரும் அழைப்பதில்லை. அவ்வாறே உலகம் முழுவதும் பரமனுக்கு உடல். ஆகவே எப்பொருளைக் குறிக்கும் சொல்லும் அப்பொருளைக் கடந்து, அதனுள் நின்று இயக்கும் அவன்வரை சென்றே நிறைவு பெறுகிறது. மண், மரம், மனிதன் என்னும் சொற்களை உலகத்தார் பாதி வழியில் நிறுத்திவிடுகின்றனர். ஞானியரின் காதில் அவை முழுமையாக ஒலிக்கின்றன.

எழுத்தாணி நின்ற இடம்

எம்பெருமானார் சொல்ல, ஆழ்வான் ஏட்டில் எழுதுவது வழக்கம். பாஷ்யத்தில் மனத்துக்கு உடன்படாத கருத்து வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிடலாம் என்று முன்னமே ஆழ்வானுக்கு அனுமதி இருந்தது. ஆத்மாவின் ஸ்வரூபம் அறிவுடைமை என்று எம்பெருமானார் ஒருநாள் கூறியபோது எழுத்தாணி நின்றது. எழுதுமாறு சொல்லியும் அது நகரவில்லை. எம்பெருமானார் சினந்து, உரையை ஆழ்வானே செய்துகொள்ளட்டும் என்று கூறி அவரை விலக்கினார். ஆழ்வான் கலங்கவில்லை. உடன் இருந்தோர் வருந்திக் கேட்டபோது, உடைமையை உடையவன் எடுத்தாலும் எறிந்தாலும் உடைமைக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்னும் கருத்தையே அவர் தெரிவித்தார்.

எம்பெருமானார் தனித்திருந்து சிந்தித்தார். ஆத்மாவுக்கு அறிவு உண்டு என்பது உண்மையே. ஆயினும் அது பகவானுக்கு உரியது என்பதைச் சொல்லாமல், அறிவுடையது என்று மட்டும் சொன்னால் முதன்மையானது விடுபடுகிறது. ஆழ்வானை அழைத்து, தழுவி, திருத்தி எழுதச் செய்தார். எழுத்தாணியை நிறுத்தி ஆழ்வான் உணர்த்தியதையே, விலக்கப்பட்டபோது பொறுத்திருந்தும் அவர் உணர்த்தினார்.

சேஷத்வம் என்று பெரியோர் கூறுவது இதுவே. பிறர்க்கு மேன்மை சேர்ப்பதையே தன் இயல்பாக உடையது சேஷம். அம்மேன்மையைப் பெறுவது சேஷி. சந்தனமும் மலரும் தமக்காக மணப்பதில்லை. பூசுவாரும் சூடுவாரும் இல்லையேல் அவற்றின் மணம் காற்றோடு போகும். உயிரும் அத்தகையது. தனக்கென்று வாழும்வரை அதன் அறிவும் ஆற்றலும் எத்தனை பெரியவையாயினும் பொருளின்றியே கழிகின்றன.

வில்லி பிடித்த குடை

ஏட்டில் எழுதிய இக்கொள்கை தெருவிலும் விளங்கியது. உறையூரில் பிள்ளையுறங்காவில்லி என்னும் மல்லர் ஒருவர் இருந்தார். திருவரங்கத் திருவிழாவில் பெருமாள் எழுந்தருளும் வீதியிலே, தம் மனைவி பொன்னாச்சியின் முகத்தில் வெயில் படாதவாறு குடை பிடித்து, அவளுடைய கண்களையே நோக்கிக்கொண்டு அவர் பின்னோக்கி நடந்து சென்றார். கண்டவர் நகைத்தனர், எம்பெருமானார் நகைக்கவில்லை. தன்னை மறந்து பிறர்க்கென இருக்கும் தன்மை அவரிடம் முழுமையாக இருப்பதையும், அது சேரவேண்டிய இடம் சேராதிருப்பதையும் கண்டார். இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அங்கே அடிமையாவீரோ என்று வினவி, அரங்கன் திருமுன்பே நிறுத்தினார். வில்லி அன்றே ஆட்பட்டார். பொன்னாச்சியும் உடன் ஆட்பட்டார். வில்லியின் அன்பு மாற்றப்படவில்லை. அதன் பொருள் நிறைவு பெற்றது. காவிரியில் நீராடி மீளும்போது எம்பெருமானார் அவ்வில்லியின் தோளைப் பற்றி வருவார். குலம் கருதிச் சிலர் முணுமுணுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

மலைநாட்டு யாத்திரை

திவ்யதேசங்களை ஸேவித்துக்கொண்டு எம்பெருமானார் தென்கோடிக்கும் எழுந்தருளினார். திருவனந்தபுரத்தில் வழிபாட்டு முறையை மாற்றியமைக்க அவர் எண்ணினார் என்றும், தொன்று தொட்டு வந்த தம் முறையே நிலைக்கவேண்டும் என்று நம்பூதிரிமார் பெருமாளிடம் முறையிட்டனர் என்றும், அவ்விரவே உறக்கத்தில் அவர் திருக்குறுங்குடிக்குக் கொண்டுவிடப்பட்டார் என்றும் கூறுவர். மலைநாட்டு அடியார்கள் தம் முறையில் செய்துவந்த ஆராதனமும் பெருமாளின் திருவுள்ளத்தில் பொருளுடையதாகவே இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. திருவட்டாற்றில் இன்றும் மலைநாட்டுத் தாந்திரிக முறையே வழங்கி வருகிறது.

திருக்குறுங்குடியில் நம்பி, தாம் பல அவதாரம் செய்தும் திருந்தாத உலகம் இவர் சொல்லுக்கு எவ்வாறு திருந்திற்று என்று வினவ, கேட்கும் முறையில் கேட்டால் சொல்வோம் என்று எம்பெருமானார் விண்ணப்பித்தார். நம்பி ஆசனம் விட்டிறங்கிச் சீடராய் நின்று கேட்டு, வைஷ்ணவ நம்பி என்னும் திருநாமம் பெற்றார். பணிந்து கேட்டாலன்றிப் பொருள் கைகூடாது என்பதற்குப் பெருமாளே சான்றாய் நின்றருளினார்.

நிறைவு

சோழனால் நேர்ந்த இடரில் ஆழ்வான் கண்ணிழந்தார். எம்பெருமானார் போசள நாடு புகுந்து பன்னீராண்டு தங்கினார். திருநாராயணபுரத்தில் திருக்கோயிலைச் சீர்செய்து, சமுதாயம் ஒதுக்கி வைத்த மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்து, திருவிழா நாள்களில் அவர்கள் கோயிலுட் புகும் உரிமையை அளித்தார். பெயர் ஒன்றை மாற்றியதனால் ஒரு கூட்டத்தாரின் வாழ்வுக்குப் பொருள் பிறந்தது. வழிதவறிய அரசிளங்குமரனுக்கு எட்டிய செய்தி அவர்களுக்கும் எட்டியது.

ஸ்ரீபாஷ்யம், வேதார்த்தஸங்கிரஹம், கீதாபாஷ்யம், கத்யத்ரயம் முதலாக ஒன்பது நூல்களை அருளிச்செய்து, நூற்றிருபது பிராயம் நிரம்பி, 1137ஆம் ஆண்டில் திருவரங்கத்தில், எம்பார் மடியில் திருமுடியும் வடுகநம்பி மடியில் திருவடிகளுமாக எம்பெருமானார் திருநாடு அலங்கரித்தார். அத்திருமேனி திருவரங்கத்தில் இன்றும் ஸேவை சாதிக்கிறது. 2017ஆம் ஆண்டில் அவருடைய ஆயிரமாவது திருநட்சத்திரம் நாடெங்கும் கொண்டாடப்பெற்றது.

திருவிழாவில் தேர்வடம் பிடிக்கும் கை, திருப்படி மிதிக்கும் கால், நாமம் சொல்லும் நா ஆகிய இவை யாவும் எளியவை. பொருளறியாமல் செய்யினும் பெருமாள் ஏற்றுக்கொள்வார். ஆயினும் பொருளறிந்து செய்வார்க்கு உண்டாகும் உவகை வேறு. அப்பொருள் நெடிய நூல்களில் மட்டும் ஒளிந்திருப்பதன்று. கூட்டத்தில் தளர்ந்த முதியவருக்கு வழிவிடுவதிலும், பெற்ற பிரசாதத்தைப் பகிர்ந்து உண்பதிலும், அறிந்த நல்லதை அறியாதவர்க்குச் சொல்வதிலும் அது கைமேல் கிட்டும். தான் யாருடையவன் என்பதை அறிந்து, அவ்வுறவினால் பிறர்க்குப் பயன்படும் பிறவியே பொருளுடைய பிறவி என்பதை உடையவர் நூலிலும் வாழ்விலும் உணர்த்தியருளினார்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.